வலப்பக்கத்துக் கப்

என் வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் ‘மில்லிமீட்டர்’ என்று பெயர். முப்பத்தோரு வருஷம் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்தவர். கல்யாணமான புதிதில் நான் மாட்டிய காலண்டர் கோணலாக இருக்கிறதென்று ஸ்கேல் எடுத்து வந்தார். யாரிடம் மாட்டிக்கொண்டோம் என்று அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற மறுவாரம் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனவர், அங்கே கொட்டகையில் கிடந்த ஒரு சைக்கிள் ஃபிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். இத்தாலியில் செய்த பந்தய சைக்கிள். சக்கரம் இல்லை, ஹேண்டில்பார் இல்லை, பெயின்ட் பாதி இல்லை. அதைச் சாப்பாட்டு மேஜைமேல் கிடத்தினார். அன்றிலிருந்து நாங்கள் சமையலறையில் நின்றபடிதான் சாப்பிட்டோம்.

அந்த சைக்கிளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவருக்கு வயது இருபதாகிவிடும். அண்ணன், நான் பெரியவர் என்று சொல்கிறவர், அப்போது லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத்துக்குப் போவார். விடிந்ததும் வாசலில் இவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெடல் அச்சைத் தாங்குகிற வலப்பக்கத்துக் கப்பை ஸ்பேனரால் கால் சுற்று இறுக்குவார். மற்ற சைக்கிள்களில் அந்தப் பக்கம் மரை எதிர்த்திசையில் இருக்குமாம், மிதித்தாலும் கழலாது. இந்த இத்தாலிக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒரே திசையில் மரை வெட்டிவைத்தார்கள். அதனால் மிதிக்க மிதிக்க வலப்பக்கம் கழன்றுகொண்டே வரும். இறுக்கி முடித்து, ஸ்பேனரைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு பெரியவர் ஏறிப் போவார். அவர் தெருமுனை திரும்பும்வரை இவர் வாசலிலேயே நிற்பார்.

“அந்த அஞ்சு நிமிஷம் அண்ணனுக்கு நான் வேணும்” என்று எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மூன்று வருஷத்துக்கு முன் பெரியவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் சரியாகிவிட்டது. இடது கைக்கு மட்டும் அசைவு திரும்பவில்லை. நடக்கலாம், சைக்கிள்கூட ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியும் மனுஷர் ஜன்னலோரத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. யார் போனாலும் இரண்டு வார்த்தைதான். சைக்கிளைப் பழையபடி ஆக்கிவிட்டால் அண்ணன் எழுந்து வெளியே வந்துவிடுவார் என்பது இவருடைய கணக்கு.

இரண்டு வருஷம் பாகம் தேடினார். ஒரு பழைய போட்டோவை லென்ஸ் வைத்துப் பார்த்து, பிரேக்கில் என்ன எழுத்து, பெடல் கிராங்கில் எத்தனை பள்ளம் என்று குறித்தார். அண்ணன் ஓட்டிய அதே வருஷத்துப் பாகம்தான் வேண்டும்; ஒரு வருஷம் பிந்தியது வந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை மரை மாறிய கப் வந்து சேர்ந்தது. “பார்க்காம வாங்கிட்டேனே” என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் சைக்கிள் தயாரானது. சும்மா சொல்லக்கூடாது, கண்ணை எடுக்க முடியவில்லை. பெரியவரைக் கூட்டி வந்தார். அவர் வலது கையால் ஃபிரேமைத் தடவினார், சிரித்தார்கூட. பிறகு இடது கையை வலது கையால் தூக்கி பிரேக் பிடிமேல் வைத்தார். விரல்கள் மடங்கவில்லை. கை நழுவி விழுந்தது.

“நல்லா பண்ணியிருக்கடா. சுவத்துல மாட்டு, அழகா இருக்கும்” என்றார்.

அவர் போனபின் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “திருகாணி முதற்கொண்டு அளந்தீங்க. உங்க அண்ணன் கையை அளந்தீங்களா?” என்று கேட்டுவிட்டேன். இவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு சைக்கிளை இரவல் வாங்கினார். தம் இடது கையைத் துண்டால் இடுப்போடு கட்டச் சொன்னார். கட்டிவிட்டேன். சந்தில் நாலு தடவை போய் வந்தார். ஐந்தாவது தடவை வேலியில் விழுந்தார். முழங்கை சிராய்ப்போடு வந்து உட்கார்ந்து புதுப் பட்டியல் எழுதினார். வளைந்த ஹேண்டில்பாருக்குப் பதில் நேரானது. வலது கைக்கு ஒரே பிடி, அது இரண்டு பிரேக்கையும் இழுக்கும். கியர் மாற்ற வலது கட்டைவிரலுக்கு ஒரு நெம்புகோல். முன்னால் ஒரே பல்சக்கரம்.

பழைய சைக்கிள் பிரியர்களான இவருடைய கூட்டாளிகள் துக்கம் விசாரிப்பதுபோல் வந்தார்கள். “இதுக்குப் பேசாம பழைய இரும்புக்கே போட்டிருக்கலாம்” என்றார் ஒருவர். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சைக்கிள் கடைக்காரர் மட்டும் நியாயமாக ஒன்று சொன்னார்.

“எல்லாத்தையும் மாத்திட்டீங்க, அந்தக் கப்பையும் மாத்திடுங்க சார். மூடி வர்ற புது பேரிங் இருக்கு. ஒருதடவை போட்டா திரும்பிப் பார்க்கவே வேணாம்.”

“அது மட்டும் பழசே இருக்கட்டும்.”

கழலும் என்று தெரிந்த ஒன்றை எதற்கு வைத்துக்கொள்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. பிடிவாதம் என்று விட்டுவிட்டேன்.

வேலை முடிந்த அடுத்த ஞாயிறு பெரியவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கால்வாயோரத்துச் சாலைக்கு அழைத்துப் போனோம். “உன் தொல்லை தாங்கலடா” என்றபடி ஏறினார். முதல் பத்தடி தள்ளாடினார். அப்புறம் சைக்கிள் நேரானது, தூரப் போனது, வளைவில் மறைந்தது.

ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். இவர் பதினொரு தடவை கடிகாரம் பார்த்தார். நான் எண்ணினேன், எனக்கும் வேறு வேலை ஓடவில்லை.

பெரியவர் வந்து இறங்கியபோது சட்டை நனைந்திருந்தது. நன்றி, பாராட்டு, ஒன்றும் கிடையாது.

“வலப்பக்கம் லேசா ஆடுது. ஸ்பேனர் எங்க?”

இவர் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொண்டுவந்திருந்தார் என்பதே எனக்குத் தெரியாது. அண்ணன் மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த வேலைக்கு ஒரு கை போதும். சைக்கிளைப் பிடித்துக்கொள்ளத்தான் இன்னொரு ஆள் வேண்டும்.

“கெட்டியா பிடிடா.”

“பிடிச்சிருக்கேன்ணே.”

கால் சுற்று இறுக்கினார். எழுந்து, ஸ்பேனரைத் தம் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு திரும்பவும் ஏறினார். இவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அண்ணன் வளைவு திரும்பும்வரை அங்கேயே நின்றார்.