எழுந்து நின்ற முதலை

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். எழுத்து கோணும், பாதி மறந்தும் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் பேத்தி செல்போனில் ஒரு விலங்கின் படம் காட்டினாள். முதலைகளின் முன்னோருக்குச் சொந்தமாம், இருபது கோடி வருஷத்துக்கும் முந்தியதாம். இப்போது அந்த இனமே இல்லையாம். முதலை மூஞ்சி, முதுகில் செதில் வரிசை. கால்கள் மட்டும் நாய்க்கு இருப்பதுபோல் உடம்புக்கு நேர் கீழே. "அடியே, இது எங்க அப்பா செஞ்சதாச்சே!" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்பா திருமயம் பக்கம் அய்யனாருக்கு மண்குதிரை செய்பவர். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஆலங்குடிக்காரர் ஒருவர் வந்தார். கொள்ளிடத்தில் குளிக்கையில் முதலை கவ்வி, கெண்டைக்கால் சதை போய், உயிர் பிழைத்தவர். மண்ணில் முதலை செய்து வைப்பதாக வேண்டுதல். அப்பா முதலையைக் கண்டதில்லை. என் தாய்மாமாவைக் கேட்டார்.

"எத்தனையோ பாத்திருக்கேன் மச்சான். பல்லிதான், என்ன, ஆளு நீளம் இருக்கும்."

அப்பாவுக்குக் கை பழகிய வழி ஒன்றுதான். குதிரைக்குப்போல முதலில் நாலு காலை நிறுத்தி, அது இறுகியதும் மேலே உடம்பை ஏற்றினார். முதலையும் எழுந்து நின்றுவிட்டது. புளியங்கொட்டையை அழுத்திச் செதில் வைத்தது நான்.

குதிரைகளை ஊர்வலமாகக் கோயிலுக்குத் தூக்கிப்போகும் புரவியெடுப்பு அன்றுதான் ஆலங்குடிக்காரர் வந்து பார்த்தார்.

"என்னய்யா இது, மொதலத் தலைய வச்சுக்கிட்டு நாயி நிக்கிது?"

அப்பா முகம் செத்துவிட்டது. இன்னொன்று செய்து சுட ஏது நேரம்? வேண்டுதல் நின்றுபோகும். நான் சூளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மாமாதான் வாயைத் திறந்தார். "அய்யனாரு முன்னாடி வயித்தத் தேச்சுக்கிட்டாண்ணே கெடக்கும்? மருவாதிக்கு எந்திரிச்சு நிக்கிது."

ஆலங்குடிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கீழே உட்கார்ந்து நாலு கால்களையும் ஒவ்வொன்றாகத் தடவினார். யாரையும் தொடவிடாமல் தானே தோளில் ஏற்றி, விந்தி விந்தி ஊர்வலத்தில் நடந்தார்.

தன் வாய்தான் காப்பாற்றியது என்று மாமா வருஷக்கணக்கில் பீற்றிக்கொண்டார். நானும் நம்பினேன். மண் வெந்திருக்கிறதா என்றுதான் ஆலங்குடிக்காரர் தடவிப் பார்த்தார் என நினைத்தேன். மாமா முதலையைப் பார்த்ததே இல்லை என்பதும், கால் சதை போன மனிதருக்கு நேராக நிற்கிற நாலு கால்கள் என்ன சொல்லியிருக்கும் என்பதும் எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.

படத்து விலங்கின் வருஷக் கணக்கை நான் சரியாக எழுதினேனா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.