எழுதும்போது யாழினி சொன்னது

டெல்லி விமான நிலையத்தை ஒட்டிய துவாரகாவில் யாரும் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிப்பதில்லை. தலைக்கு மேல் விமானம் இறங்கும். பேசுகிறவர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். கோவில்பட்டியிலிருந்து வந்த புதிதில், எதிரே இருப்பவருக்கு என் மேல் ஏதோ மனத்தாங்கல், அதனால்தான் பேச்சை நிறுத்திவிட்டார் என்று கலங்கியிருக்கிறேன். இப்போது எனக்கும் அது பழகிவிட்டது. ஊருக்குப் போனால்கூட நடுவில் நிறுத்திவிடுகிறேன். "என்னக்கா, பாதியில நின்னுட்ட?" என்று தங்கை சிரிக்கிறாள்.

டெல்லியில் நான் செய்யும் வேலையை ஊரில் உள்ளவர்களுக்கு விளங்கவைப்பது கஷ்டம். இங்கே இருப்பவர்களுக்கு அதைவிடக் கஷ்டம். பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை ஆராய்ச்சி மாணவி நான். பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள், எழுதுவதை நாம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பது என் ஆய்வு. துவாரகாவில் ஒரு சொசைட்டி குடியிருப்பில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. அங்கே போன முதல் நாள் வாயில்காவலர் எதற்கு வந்தேன் என்று கேட்டார். "பச்சே கைஸே லிக்தே ஹைம், வோ தேக்தீ ஹூம்" என்றேன். பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்கிறேன் என்று அர்த்தம். அவர் பலமாகத் தலையாட்டினார். அடுத்த வாரம் மகளின் நோட்டை என் கையில் கொடுத்து, "மேடம், இஸ்கீ ராய்ட்டிங் சுதார் தீஜியே" என்றார். எழுத்தைத் திருத்தித் தர வேண்டுமாம். கையெழுத்து வேறு, நான் படிப்பது வேறு என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் போராடிப் பார்த்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு நோட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். அன்றிலிருந்து அந்த வாசலில் நான் 'ராய்ட்டிங் வாலி மேடம்', கையெழுத்துக்கார மேடம்.

எழுத்தை ஆராய வழிகள் பல உண்டு. எழுதி முடித்த கட்டுரைகளைச் சேகரித்துப் பிழைகளை எண்ணலாம். ஆசிரியர்களைப் பேட்டி எடுக்கலாம். நான் எடுத்துக்கொண்டது வேறு வழி. எழுதும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்வேன். அது பதிவாகும். தாளைப் பார்த்தால், மிஞ்சியது மட்டுந்தான் தெரியும். எழுதாமல் விட்டது நாக்கில் இருக்கும். பிறகு விடுதி அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு 'ம்'மையும் தட்டச்சு செய்வேன். இதற்கு விதிகள் உண்டு. உதவக் கூடாது, திருத்தக் கூடாது, 'சபாஷ்' என்று தலைகூட ஆட்டக் கூடாது. பிள்ளையின் சம்மதம் இல்லாமல் அந்தக் குரலை வேறு யாருக்கும் போட்டுக் காட்டக் கூடாது.

வகுப்பை நடத்துபவர் சாந்தி அக்கா. மதுரைக்காரர். கல்யாணமாகி டெல்லி வந்தவர். கணவருக்கு விமான நிலையத்தில் வேலை. வகுப்பு முடிந்ததும் சாப்பிடாமல் என்னை அனுப்பமாட்டார். "ஹாஸ்டல்ல அந்த ராஜ்மாவத் தின்னு தின்னு எப்படி ஆயிட்ட பாரு" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவார். அவருடைய ஒரே மகள் யாழினி. ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'யாலினி'. அவளே அப்படித்தான் தன் பேரைச் சொல்வாள். என்னையும் அக்கா என்று அல்ல, 'தீதி' என்றுதான் கூப்பிடுவாள்.

சென்ற குளிர்காலத்தில் சாந்தி அக்காவின் கணவருக்குச் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது. அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "கடைசியில ஊருப் பக்கம் போறோம் செல்வி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை யாழினியின் முறை. 'எனக்குப் பிடித்த இடம்' என்று தலைப்புக் கொடுத்தேன். அவளுடைய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

அவள் பேனா தமிழில் ஓடியது. வாய் ஹிந்தியில் ஓடியது. மொட்டை மாடி வெயில், பக்கத்து வீட்டு சிம்ரனோடு மூங்க்ஃபலி என்கிற வேர்க்கடலை உரித்துத் தின்றது, மெட்ரோவில் கடைசி ஸ்டேஷன் வரை சும்மா போய்விட்டு வந்தது எல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினாள். "முஜே நஹீம் ஜானா" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குப் போக வேண்டாம் என்கிறாள். அப்புறம் பெருமூச்சு. "சென்னை லிக் தேத்தீ ஹூம். பீச் ஹை. மம்மி குஷ் ஹோ ஜாயேங்கீ." சென்னை என்று எழுதிவிடுகிறேன், கடற்கரை இருக்கிறது, அம்மா சந்தோஷப்படுவாள் என்று அர்த்தம். தாளில் அழகான எழுத்தில் விழுந்தது: 'எனக்குப் பிடித்த இடம் சென்னை. அங்கு நீண்ட கடற்கரை உள்ளது.'

விதிப்படி நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் நினைவு கோவில்பட்டி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு 'மழைநாள்' பற்றி எழுதச் சொல்வார்கள். எங்கள் ஊரில் ஆறு கிடையாது. மழையே பெரிய மனசு வைத்தால்தான் வரும். என் கட்டுரையில் ஆறு கரைபுரண்டு ஓடியது, குயில் கூவியது, உழவர்கள் ஆடிப் பாடினார்கள். நல்ல மதிப்பெண் கிடைத்தது. மழையன்று அப்பாவின் தீப்பெட்டி ஆலையில் குச்சி காயாது, வீட்டில் எல்லோரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பார்கள். அதை எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெளியே வந்ததும் சாந்தி அக்கா கட்டுரையை வாங்கிப் படித்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, பிள்ளைக்குச் சென்னைன்னா அம்புட்டு ஆசை. என்னமோ உள்ள பேசிக்கிட்டே இருந்தாளே, அதைப் போடு, கேப்போம்."

"அதைப் போடக் கூடாதுக்கா."

"ஏன், நான் கேட்டா என்ன?"

"அது அவளுக்கும் எனக்கும் பேச்சுக்கா. அவ சொன்னாத்தான் போடலாம்."

சாந்தி அக்காவின் கை தட்டை வைத்தபடியே நின்றது. "எம் பிள்ளை பேசுனதை நான் கேக்கக் கூடாதா? நல்லாருக்கு செல்வி உன் படிப்பு." அன்று சாம்பார் ஒரு கரண்டிதான் விழுந்தது. நானும் கேட்கவில்லை.

மெட்ரோவில் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த வகுப்புக்குள் நான் நுழைய முடியாது. ஆய்வு போகட்டும், இந்த ஊரில் என்னோடு நீ, வா, போ என்று உரிமையாகப் பேசும் ஒரே வீடு அது. என் வழிகாட்டிப் பேராசிரியை வங்காளப் பெண்மணி. அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் குரலை இன்னும் கேட்காதவள் ஒருத்தி இருக்கிறாளே, அந்தப் பெண். அவளுக்குப் போட்டுக் காட்டு" என்றார். எழுதியவருக்கே பதிவைப் போட்டு, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பதும் ஆய்வில் உள்ள முறைதான்.

அடுத்த ஞாயிறு யாழினி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதலில் தன் குரலைக் கேட்டுச் சிரித்தாள். 'முஜே நஹீம் ஜானா' வந்தபோது சிரிப்பு நின்றது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதை ஏன் எழுதல?" என்று கேட்டேன். ஆய்வுக்குரிய கேள்விதான்; ஆனால் என் குரல் ஆய்வாளரின் குரலாக இல்லை.

"தமிழ்ல எழுதுனா நல்லதுதானே தீதி எழுதணும்? தமிழ்ல நஹீம்னு எப்படி எழுதுறது?"

ஆய்வேட்டில் இந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அத்தியாயம் எதுவும் தோன்றவில்லை. விதியை மீறினேன். "உனக்கு வர்ற வார்த்தையில எழுது. தமிழ் வராத எடத்துல ஹிந்தியவே தமிழ் எழுத்துல போடு. யாருக்குக் காட்டணும்னு நீயே முடிவு பண்ணு" என்றேன். அவள் ஒரு தாள் கேட்டாள். அப்புறம் இன்னொன்று கேட்டாள். நான் பதிவுக் கருவியை அணைத்துவிட்டேன்.

எழுதி முடித்ததும் தாள்களோடு நேராகச் சமையலறைக்குப் போனாள். சாந்தி அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தார். அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி படித்தார். யாழினி கதவோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மூங்க்ஃபலிய எழுதிருக்கா பாரு. சென்னையில வேர்க்கடலை இல்லையா?" என்றார் அக்கா. சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். "நானும் இங்க வந்தப்ப யாருகிட்டயும் சொல்லலடி. ஃபோன்ல எங்கம்மா கேட்டா, டெல்லி சூப்பரா இருக்கும்மான்னுதான் சொல்லுவேன். நீயாச்சும் சொன்னியே."

போவது நிற்கவில்லை. மாற்றல் மாற்றல்தான். ஆனால் அப்பா முதலில் போவது, பரீட்சை முடியும்வரை அம்மாவும் மகளும் இங்கேயே இருப்பது, ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் யாழினி சிம்ரன் வீட்டுக்கு வருவது என்று பேசி முடிவானது. என் தட்டில் சாம்பாரும் பழையபடி வழிந்தது. நான்தான் ஆய்வேட்டில், 'இந்த இடத்தில் ஆய்வாளர் குறுக்கிட்டார்' என்று ஒரு அடிக்குறிப்புச் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் புதுடெல்லி ஸ்டேஷனில் அவர்களை வண்டியேற்றப் போனேன். மூட்டையில் அடங்காத இட்லிக் குண்டானை ஒரு பையில் போட்டு சாந்தி அக்கா எனக்குக் கொடுத்துவிட்டார். யாழினி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி திறக்காத பெட்டி. கடைசியில் வாசலுக்கே ஓடி வந்தாள். "ஊருக்குப் போறோம்னு அம்மா சொல்றாங்க தீதி. நான் ஊர்ல இருந்து போறேன்" என்றாள். தமிழில்தான் சொன்னாள். நான் அவள் தலையைத் தடவினேன்.

வண்டி அசைந்தது. என் ஊருக்குப் போகும் திசையில் அது அவளைக் கூட்டிக்கொண்டு போனது. கையில் பையோடு நின்ற என்னைப் பார்த்துச் சிவப்புச் சட்டைக் கூலி ஒருவர் ஓடி வந்தார். "ஜல்தி கீஜியே மேடம், காடீ சல் படீ!" வண்டி கிளம்பிவிட்டது, சீக்கிரம் ஏறுங்கள் என்கிறார்.

"நஹீம் பையா, மைம் யஹீம் ரஹ்தீ ஹூம்" என்றேன். இல்லை அண்ணா, நான் இங்கேதான் இருக்கிறேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. கூலி போய்விட்டார். கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை, இட்லிக் குண்டானை மார்போடு அணைத்துக்கொண்டு, தெற்கே பார்த்து நின்றிருந்தேன்.