நின்றால் நிற்கும் மேளம்

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் இப்போதும் எனக்கு நாக்கு குழறும். "மியூசிக் எழுதுறேன்" என்று சொன்னால், மலாக்காவின் தஞ்சோங் கிளிங்கில் எங்கள் தெருமுனை மளிகைக்கடைக்கார நானா, "எந்தப் படத்துக்கும்மா?" என்பார். படத்துக்கு இல்லை, வயலினும் செல்லோவும் வாசிக்கிற மேற்கத்திய இசைக்குழுவுக்கு, பாடகரே கிடையாது, இருபது நிமிடமும் வாத்தியம்தான் என்று விளக்குவேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரவால்லம்மா, படமும் ஒருநாள் வரும்" என்று ஆறுதல் சொல்லி வெங்காயத்தை நிறுத்துப் போடுவார். பகலில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து, மிச்ச நேரத்தில் எழுதி, அனுப்பி, வேண்டாம் என்ற பதிலை வாங்கி, மறுபடி எழுதி, எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது.

அப்போதுதான் கோலாலம்பூர் இசைக்குழு ஒன்று மலாக்காவில் நிகழ்ச்சி நடத்த வந்தது. ஊர்க்காரி என்பதால் என்னிடம் புதிதாக ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். "மலாக்கா மணம் இருக்கட்டும்" என்றார் மேலாளர். நான் என்ன மீன் குழம்பா வைக்கிறேன் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியும். உறுமி மேளம் வேண்டும். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்தால் அது உறுமும், மறுபக்கம் அடி விழும். அந்தச் சத்தத்தோடு பதினெட்டு வயலின்களைச் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பது என் பல வருட ஆசை.

பெம்பான் பக்கத்துத் தோட்டக் கோயிலில் மேளம் அடிக்கும் ஐந்து பேரைப் போய்ப் பார்த்தேன். குழுத் தலைவர் லாரி ஓட்டுகிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். "நாங்க நோட்டெல்லாம் படிக்க மாட்டோம்க்கா" என்றார். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் வேலைக்கு லீவு போட்டார்கள், ஒரே நிறத்தில் ஐந்து சட்டை தைத்தார்கள். வீட்டாரையும் தோட்டத்து ஜனங்களையும் ஏற்றி வர பஸ்ஸுக்கும் சொல்லிவிட்டார்கள்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்புதான் முதல் ஒத்திகை. இசை நடத்துநர் பினாங்குச் சீனர், அறுபதை நெருங்கியவர், உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. உறுமி நுழையும் இடம் வந்தது. மேளம் ஒரு நூல் வேகமாகப் போனது. அவர் இடது உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார். மேளம் இன்னும் வேகமாகப் போனது. இரண்டு கையையும் வீசினார், மேளம் பறந்தது. காலை உதைத்து, தலைமுடி கலைய, "பெலான்! பெலான்!" என்று, மெதுவாக என்பதை மலாயில் கத்தினார். அந்தச் சத்தத்தில் மெதுவாவது ஒன்றாவது. வயலின்காரர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அவர் களைத்துப்போய் அசையாமல் நின்றார். மேளமும் டக்கென்று நின்றது.

நான் மேளக்காரர்களிடம் ஓடினேன். "அவ்வளவு தூரம் சொல்றாரே, ஏன் வேகத்தைக் குறைக்கல?"

"அங்கிளுக்கு அருள் ஏறிடுச்சுன்னு நெனச்சோம்க்கா" என்றார் தலைவர். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. "ஆடிக்கிட்டு இருக்கும்போது நடுவுல விட்டா அவருக்குத்தானே கஷ்டம்லா?"

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கோயிலில் அவர்கள் பார்ப்பது அருள் வந்து முன்னால் ஆடுகிறவரை மட்டும்தான். அவர் ஏறினால் மேளம் ஏறும், நின்றால் நிற்கும். இது தெரிந்தே வளர்ந்தவள் நான். இசைத்தாளில் ஒவ்வொரு அடியையும் எழுதியவளுக்கு இது மட்டும் தோன்றவில்லை.

மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார். நாளை மதியமும் இப்படியானால் உறுமி வேண்டாம், எங்கள் தாளக்காரரே தன் டிரம்மில் வாசித்துவிடுவார் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது. ஐந்து சட்டையும் ஒரு பஸ்ஸும் கண்முன் வந்து நின்றன. அவர்களிடம் போய் என்னவென்று சொல்வேன்?

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நடத்துநரைப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள் என்று மேளக்காரர்களிடம் சொன்னேன். தலைவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "முன்னால ஒருத்தர் ஆடுனா கை சும்மா இருக்காதுக்கா. பதினஞ்சு வருஷப் பழக்கம்." சரி, ஐந்து பேரை மாற்றுவதைவிட ஒருவரை மாற்றுவது சுலபம் என்று அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் காலையில் நடத்துநரை என் சின்னக் காரில் ஏற்றிக்கொண்டு பெம்பானுக்குப் போனேன். செம்பனை மரங்கள் தொடங்கும் இடத்தில் அவர், முப்பது வருடமாகக் கை வீசியே சோறு தின்கிறேன், நீ வீசாதே என்கிறாய் என்றார். வீச வேண்டியது வயலின்களுக்கு, மேளக்காரர்களுக்குக் கால் போதும் என்றேன்.

கோயில் பின்புறக் கொட்டகையில், நடத்துநர் கைகளைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு அவர்கள் முன்னால் நின்றார். மேளம் மெதுவாகத் தொடங்கியது. அவர் உடம்பை வலது காலுக்கு மாற்றினார். தாளமும் கூடவே சாய்ந்தது. குதிகாலைத் தூக்கினார், வேகம் கூடியது. நின்றார், நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். புது சைக்கிள் கிடைத்த பிள்ளையின் முகம். அப்புறம் அவரை அங்கிருந்து கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது. ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நடந்தும், ஒற்றைக்காலில் நின்றும் விளையாடினார். "அங்கிள் கால் நல்லா பேசுது" என்று சான்றிதழ் கொடுத்தார் தலைவர்.

மதிய ஒத்திகையில் கை வயலின்களோடு பேசியது, கால் மேளத்தோடு பேசியது. மேலாளர் கடைசிவரை கேட்டுவிட்டு வெளியே போனார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சியன்று மூன்றாவது வரிசையில், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் நாலைந்து வரிசை முழுக்கத் தோட்டத்து ஜனங்கள். கடைசிப் பகுதியில் நடத்துநர் நான் எழுதிய வேகத்தைத் தாண்டிவிட்டார். கால் போன போக்கில் மேளம், மேளம் போன போக்கில் வயலின்கள். என்ன அழகு, கடவுளே, நானா எழுதினேன் என்று நினைத்தேன். பிறகு அவர் நின்றார். எல்லாம் ஒரே அடியாக நின்றது.

முடிவாக அந்த இடத்தில் பத்து எண்ணும் அளவுக்கு மௌனம் எழுதியிருந்தேன். பத்து முடிந்தது. இருபதும் முடிந்தது. அவர் கண்ணை மூடியபடி நின்றுகொண்டே இருந்தார். கைதட்டலாமா கூடாதா என்று அரங்கத்துக்குத் தெரியவில்லை.

தலைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உறுமியைக் கீழே வைத்தார், எழுந்தார், செல்லோக்களுக்கு இடையில் நடந்துபோனார். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, நடத்துநர் நெற்றியில் திருநீறு பூசினார். "போதும் அங்கிள்" என்றார் மெல்ல. மூன்றாவது வரிசை வரைக்கும் கேட்டது.

அவர் கண்ணைத் திறந்து சிரித்தார். அரங்கம் எழுந்தது. நெற்றியைத் துடைக்காமலே அவர் மூன்று முறை குனிந்து வணங்கினார். தன் இசைக்குத் தானே கைதட்டக் கூடாது என்பது எங்கள் தொழில் மரியாதை. அன்று எல்லோரும் ஓய்ந்த பிறகும் நான் தட்டிக்கொண்டிருந்தேன்.