கொண்டல் எப்போது அடங்கும்?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில் இருந்து நம் குழுவுக்கு எழுதுகிறேன்.

பக்கத்து சீட்டில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும் ஒரு அக்கா. அவர் போனில் வானிலை எச்சரிக்கை ஒலித்தது: "நாளைக்குக் கொண்டல் பலமா அடிக்கும், கடலுக்குப் போவாதீங்க."

உடனே வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நாளைக்கு போட்டக் கடல்ல எறக்க வேணாம்" என்றார்.

பிறகு என்னிடம், "முன்னல்லாம் கெழக்கு தெசை காத்து, இத்தினி கிலோமீட்டர்னு சொல்லிக்கினு இருப்பாங்க. இப்பதான் நம்ம காத்துப் பேரச் சொல்றாங்க."

மீனவர்களின் காற்றுப் பெயர்களைத் தொகுத்தது என் முனைவர் பட்ட ஆய்வு. அதை நூலக அலமாரியிலிருந்து எடுத்து வானிலைக்காரர்களிடமும் மீனவர் சங்கங்களிடமும் சேர்த்தது நம் குழு.

பெருமை தாங்கவில்லை. "அது நான் சேகரிச்சதுங்க" என்றேன்.

"அப்படியா? கொண்டல் எப்ப அடங்கும், சொல்லுங்க."

நான் தமிழ்த்துறை. குழுவிலுள்ள வானிலைக்காரர்களே, மரக்காணம் வருவதற்குள் பதில் போடுங்கள். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.