கூரையில்லாத உபயம்

அந்த மல்லாட்டை மண்டி முதலாளி, நிலக்கடலை வியாபாரி, செத்துப் பல வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. போனவரைப் பற்றி எதற்கு இப்போது என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நான் பேசத்தான் பேசுவேன்.

எழுபதுகளின் கடைசியில் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சர். கிரிவலப் பாதையை ஒட்டி எங்களுக்கு ஒரு காலிமனை இருந்தது. லாரியில் அடிபட்டது, சொறி பிடித்தது, கண் போனது என்று பத்துப் பதினைந்து நாய்களை அங்கே சேர்த்து மருந்து போட்டுவந்தேன். ஊரில் எனக்கு ‘நாய் டீச்சர்’ என்று பெயர். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், நாய்க்கு என்ன குறைச்சல்?

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, தன் நாட்டில் பிராணிகளுக்கென்றே ஒரு சங்கம் இருப்பதாகச் சொன்னார். மருந்தும் தீனிச் செலவும் வருஷா வருஷம் வரும். ஆனால் கொட்டகையை உள்ளூர்க்காரர்களே கட்டியிருக்க வேண்டும். ஊரில் மதிப்புள்ள ஒருவர் மனமுவந்து துணை நிற்க வேண்டும். அப்போதுதான் சங்கம் நம்பும். மார்கழியில் திரும்பி வந்து பார்த்துவிட்டு எழுதுவதாகச் சொன்னார்.

வளையலை விற்று நாலு சுவர் எழுப்பினேன். கூரைக்குத்தான் ஆள் இல்லை. ஆடி மாதம் எங்கள் பள்ளி விழாவில் மண்டி முதலாளி மைக்கைப் பிடித்து, “வாயில்லா ஜீவனுக்கு என்னோட செலவுல சிமெண்ட் ஷீட்டு போட்டுத் தர்றேன்” என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. அப்போது இன்னும் ஊருக்குக் கிளம்பாமலிருந்த வெள்ளைக்காரம்மா மாலை போட்டார். அந்தப் போட்டோ பிரேமுக்குள் நுழைந்து மண்டியில் ஊதுபத்தியோடு தொங்கியது.

அதன் பிறகு வாரா வாரம் மண்டிக்கு நடந்தேன். “லாரி வர்ல டீச்சரம்மா.” “ஆளு ஊர்ல இல்ல டீச்சரம்மா.” “கொஞ்சம் பொறுத்துக்கினு இருங்க, நாய் எங்கயும் ஓடிடாது.” கார்த்திகை பிறந்த பிறகுதான் ஷீட் எங்கே போனது என்று தெரிந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட ஆசிரமத்துப் பக்கம் அவர் கட்டியிருந்த நாலு புது அறைகளின் தலையில் பளபளவென்று இருந்தது.

அடுத்த வாரம் அடைமழை பிடித்தது. கோணியும் பனையோலையும் போட்டு மூடினேன், நிற்கவில்லை. ஒற்றைக்கண் நாய் ஒன்று ஆறு குட்டி போட்டிருந்தது. விடிந்து போய்ப் பார்த்தபோது நாலு குட்டிகள் விறைத்துக் கிடந்தன. தாய் அவற்றையும் நக்கிக்கொண்டே இருந்தது. குழி தோண்டிப் புதைத்துவிட்டு, சேற்றுக் கையோடு கடைக்குப் போய்ப் பச்சைப் பெயிண்டும் பிரஷும் வாங்கினேன்.

எங்கள் ஊரில் எதைக் கொடுத்தாலும் உபயம் என்று பெயர் எழுதியாக வேண்டும். கோயில் டியூப்லைட்டில் உபயதாரரின் பரம்பரையையே எழுதிவைப்பதால், வெளிச்சம் பாதிதான் வெளியே வரும். அந்த வழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. பாதையைப் பார்த்த சுவரில், ஒரு முழ உயர எழுத்தில், ‘இந்தக் கூரை உபயம்’ என்று எழுதி, அதன் கீழே அவர் பெயர், அவர் அப்பா பெயர், மண்டி பெயர் எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினேன். தீபத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

மலை சுற்ற வந்த கூட்டம் நின்று படித்தது. அண்ணாந்து பார்த்தது. மேலே வானம். “மேகத்த உபயம் பண்ணிக்கீறாருபா!” என்று ஒருவன் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து மூட்டை கொண்டுவந்த வண்டிக்காரர்கள் மண்டியிலேயே போய், “முதலாளி, எங்க வூட்டுக்கும் அதே மாதிரி கூரை போட்டுக் குடுங்க” என்றார்களாம். அதைக் கேட்டபோது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன், அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

தீபம் முடிந்த மூன்றாம் நாள் முதலாளி வந்தார். முகம் சுண்டியிருந்தது.

“என்னா டீச்சரம்மா, மானத்த வாங்கிட்டீங்களே. அழிச்சிடுங்க. நாளைக்கே ஷீட்டு வருது.”

“மொதல்ல ஷீட்டு வரட்டுங்க. அப்புறமும் அழிக்கணும்னா சொல்லுங்க, நானே அழிக்கிறேன்.”

வந்தது. நாலே நாளில் கூரை ஏறியது. அவர் அழிக்கச் சொல்வாரா? போர்டு எழுதுகிற ஆளை அனுப்பி, என் எழுத்தின்மேலேயே தங்கக் கலர் பூசி, சுற்றிலும் பூ பார்டர் போட வைத்தார். நான் வைத்த வசையை அவர் விருதாக்கிக்கொண்டார். ஆடியிலேயே பெயரை எழுதி வைத்திருந்தால் மழைக்கு முன்னாடியே கூரை வந்திருக்கும், அந்தப் புத்தி எனக்கு அப்போது வரவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மார்கழியில் வெள்ளைக்காரம்மா கேமராவோடு வந்தார். முதலாளி பட்டு அங்கவஸ்திரத்தில் அந்தச் சுவரோரம் நின்றார். என்ன எழுதியிருக்கிறது, இவர் மனமுவந்துதான் கொடுத்தாரா என்று அந்தம்மா இங்கிலீஷில் கேட்டார். இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நடந்ததைச் சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் சங்கத்துக்குக் கடிதம் போகாது, மருந்து வராது. பிழைத்த இரண்டு குட்டிகளும் அந்தம்மாவின் காலடியில் உருண்டுகொண்டிருந்தன.

மனமுவந்து கொடுத்தார், ரொம்ப நல்ல மனிதர் என்று சொன்னேன். அந்தம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“என்னா சொன்னீங்க டீச்சரம்மா?” என்றார் அவர்.

“நல்லவருன்னு சொன்னேன்.”

“ஊருக்கே தெரிஞ்சதுதான” என்று சிரித்தார்.

மருந்துப் பெட்டிகள் பல வருஷம் வந்தன. எத்தனையோ நாய்கள் பிழைத்தன. அவர் செத்தபோது ஊரே மாலையோடு போனது, நான் போகவில்லை. என்னை மண்டிக்கு நடக்க விட்டதைக்கூட விட்டுவிடலாம். செத்த நாலு குட்டிகளுக்காக அன்று வாய் திறக்க அங்கே இருந்தவள் நான் ஒருத்திதான். என்னையே அவர் பக்கம் சாட்சி சொல்ல வைத்துவிட்டார், பாவி.