மீன்காரி செனாவின் உருவகச் சண்டை

தெலுக் நிபா சந்தையில் செனா கூடையை இறக்கினால் கூட்டம் கூடிவிடும். பாதிப் பேர் மீனுக்கு, பாதிப் பேர் அவள் வாய்க்கு. "இந்தக் கெளுத்தியப் பாருங்க, என்ன திமிரு! நேத்து வரைக்கும் ஆத்துக்கே ராஜா. இன்னிக்குத்தான் உங்க சட்டிக்கு வர ஒத்துக்கிட்டாரு!" என்பாள். அதற்கு உயர்வு நவிற்சி என்று ஒரு பெயர் இருப்பது அவளுக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள்.

தெரிந்தவர் எதிர்க்கரை புர்ஹான் வாத்தியார். உவமை, உருவகம் என்று முப்பது வருஷம் பிள்ளைகளின் உயிரை எடுத்து ஓய்வு பெற்றவர். கம்பார் ஆற்றங்கரையில் பெண் கேட்கப் போகிறவர்கள் அவரைத்தான் முன்னால் உட்கார வைப்பார்கள். அங்கே வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துவிட்டால் யாரும் நேராகப் பேசக் கூடாது. எல்லாம் உருவகம்தான். எடுத்த உருவகத்தை விட்டு முதலில் வெளியே வந்தவர் தோற்றவர். எதிராளி கேட்டதற்குத் தலையாட்டியே ஆக வேண்டும்.

அந்த வாத்தியார் தன் கரை மாப்பிள்ளை ஒருவனுக்காகச் செனாவின் தங்கை மைமூனைக் கேட்டு வந்தார். மைமூன் கணவனை இழந்தவள். ஆறு வயதில் அனிசா என்று ஒரு மகள். மாப்பிள்ளைக்கு இருவர் மேலும் பிரியம்தான். அவன் தாய் ரொகாயாவுக்குத்தான் அந்தப் பிள்ளையைக் கண்டால் ஆகாது. என்ன மனுஷியோ!

"அவள விட்டுட்டு வரச் சொன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்க்கா" என்று மைமூன் சொல்லியிருந்தாள். பெண் வீட்டுக்காகப் பேச வேண்டிய மாமாவோ காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். செனா சந்தையிலிருந்து நேரே வந்து அவர் இடத்தில் உட்கார்ந்தாள்.

"மீன்காரியா பேசப் போறா?" ரொகாயா முணுமுணுத்தது வாசல்வரை கேட்டது.

"பேச வாய்தானே வேணும்? வாசனைய வெளியவே கழட்டி வச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள் செனா. திரைக்குப் பின்னால் மைமூன் மகளை இறுகக் கட்டிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரியும்.

பெண்ணைப் பூ என்று சொல்லித் தொடங்குவதுதான் வழக்கம். வாத்தியார் பூவைத் தொடவில்லை. "உங்க துறையில ஒரு படகு கிடக்கு. ஒரு தடவ ஓடின படகுதான். இருந்தாலும் நல்ல மரம். எங்க துறைக்குக் கொண்டு போகலாம்னு வந்தோம்" என்றார். குத்தல் எல்லோருக்கும் புரிந்தது.

"ஓடின படகுக்குத்தான் வாத்தியாரே சுழி எங்க இருக்குன்னு தெரியும். புதுப் படகு மொத அலையிலயே அழும்."

"சரி, சரி. ஆனா படகுக்குப் பின்னால ஒரு சின்னத் தோணி கட்டியிருக்கே? எங்க துறையில எடம் பத்தாது. கயித்த அவுத்து அத இங்கயே விட்டுருங்க."

திரைக்குப் பின்னால் விசும்பல் கேட்டது. செனா தொண்டையைச் செருமினாள்.

"உங்க துறையில தண்ணி வத்துமா வாத்தியாரே?"

"கடல் இறங்கினா ஆறும் இறங்கத்தானே செய்யும்?"

"அப்போ கரை பூரா சேறு. படகு நடு ஆத்துலதான் நிக்கும். அதுல இருக்கிறவங்க எதுல ஏறி வீட்டுக்கு வருவாங்க?"

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படகை எடுத்தவரே அவர்தான், இறங்கவும் வழியில்லை.

"தோணிய விட்டுட்டு வந்தவங்க படகுல உக்காந்து சொந்த வீட்டு வெளக்கப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றாள் செனா. "படகு வேணும்கிறீங்க. கரை சேர வேணாமா?"

"அதுக்கில்லம்மா... நாளைக்கு அந்தப் புள்ள எங்ககிட்ட ஒட்டலைன்னா..."

'புள்ள' என்ற சொல் விழுந்ததுதான் தாமதம், பெண்கள் பலகைத் தரையைப் படபடவென்று தட்டினார்கள். "வாத்தியார் ஆத்துல விழுந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். முப்பது வருஷப் பாடம் மண்ணைக் கவ்வியது!

"நான் கேக்குறது ஒண்ணுதான்" என்றாள் செனா. "படகும் தோணியும் ஒரே கயித்துல வரும். ஒரே துறையில கட்டணும்."

எல்லோரும் ரொகாயாவைப் பார்த்தார்கள். சம்மதம் என்றால் தாய்தான் தட்டிலிருந்து ஒரு வெற்றிலை எடுக்க வேண்டும். வழக்கத்தை மீற முடியாது, எடுத்தாள். வாயில் வைக்கப் போனவள், திரைக்குக் கீழே தெரிந்த சின்னப் பாதங்களைப் பார்த்து நின்றுவிட்டாள். யாரும் கேட்காமலே கை மறுபடி தட்டுக்குப் போனது. இன்னொரு வெற்றிலையை எடுத்தாள்.

"இது தோணிக்கு" என்றாள்.

செனாவின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் இல்லை. "மைமூன்!" என்று வீடே அதிரக் கூவினாள். "கயித்த இறுக்கிக் கட்டுடி!"