பார்த்தவர்கள் பட்டியல்

காலை ஐந்தே முக்காலுக்கு என் போன் ஒரு தரம் அதிரும். எடுத்துக் காதில் வைத்தால் முதலில் மிஷின் ஓடும் சத்தம், அதற்குப் பின்னால் யாரோ குடத்தைத் தரையில் வைக்கும் சத்தம், இரண்டுக்கும் மேலே அந்தக் குரல். "கரண்டு வந்துட்டு, லைட் சாலு ஆயிட்டு. ரெண்டாம் நம்பர் மிஷின்ல ஊசி ஒடஞ்சு கெடந்துச்சு, மாத்திட்டேன். பத்து மணிக்கு வாறவங்க எண்ணெய் வாங்கிட்டு வாங்க, டப்பால சொட்டு இல்ல." சில நாள் ஒரு நிமிஷம், சில நாள் இரண்டு. யாருக்குக் காய்ச்சல், யார் துணியை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள், மழைத் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியிருக்கிறது, எல்லாம் அதில் வரும். அந்தக் குரல் பதிவுகளில் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. போனில் இடம் போதவில்லை என்று காட்டியபோது நான் முதலில் அழித்தது அவற்றைத்தான்.

தாராவியில் அது ஒரு பொதுத் தையல் பட்டறை. சொந்தமாக மிஷின் வாங்க முடியாத, வாங்கினாலும் வீட்டில் வைக்க இடமில்லாத பெண்கள் முப்பது பேர் சேர்ந்து பன்னிரண்டு மிஷின்களை முறை வைத்து ஓட்டினார்கள். துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் அங்கே ஒன்றே ஒன்று. அதில் விடியற்காலை முறை அந்தக் குரலுக்குரியவருடையது. என்னைவிட நாலைந்து வயது இளையவர்தான். ஆனால் ஊரே 'ஓவர்லாக் அக்கா' என்றதால் எனக்கும் அவர் அக்காவானார். திருநெல்வேலிப் பக்கம். ஒன்பது மணிக்கு மிஷினை மூடிவிட்டு மாட்டுங்காவில் இரண்டு வீடுகளுக்குச் சமைக்க ஓடுவார். அதனால் மற்ற உறுப்பினர்களை அவர் நேரில் பார்ப்பதே அபூர்வம். அவர்களுக்கும் அவருக்கும் நடுவில் போய்வந்தது அந்தக் குரல் மட்டும்தான்.

நான் மாட்டுங்காவில் பிறந்து, கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்தவள். முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதினேன். அந்த வேலை மனுஷிக்குள் ஒரு நம்பிக்கையை ஊறவைத்துவிடும்: தாள் மேஜை மேஜையாகப் போய் எல்லோரும் அதில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் விஷயம் எல்லோருக்கும் தெரிந்தாகிவிட்டது, அதற்கப்புறம் தெரியாது என்று எவனும் சொல்லக் கூடாது. ஓய்வு பெற்ற பிறகு பட்டறைக்கு மனு, கடிதம் எழுதிக்கொடுக்கப் போய், அப்படியே கமிட்டியில் ஒருத்தியானேன். 'மேடம்' என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது மறைத்து ஆகப்போவதில்லை.

எல்லோருடைய போனிலும் அப்போது ஒரு பொதுக் குழு இருந்தது. அதில் குரல் பதிவு, குட்மார்னிங் ரோஜாப்பூ, காதுகுத்துப் பத்திரிகை, தண்ணீர் லாரி வரும் நேரம், எல்லாம் ஒரே குவியல். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். லோக்கல் ட்ரெயினில் தெரியாத்தனமாக விரல் பட்டு ஓவர்லாக் அக்காவின் குரல் பெட்டி முழுக்கக் கேட்டு, எதிர் சீட்டுப் பெண்கள் சிரித்தார்கள் ஒருமுறை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். உறுப்பினர்களின் நன்மைக்காக என்று பிறகு கமிட்டியில் பேசியதெல்லாம் அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் தேடிக்கொண்ட காரணங்கள்தான். ஒரு வாரம் உட்கார்ந்து நாலு வசதிகளை ஒப்பிட்டுக் கட்டம் போட்டேன். மின்னஞ்சல் யாரிடமும் இல்லை, தள்ளு. பழைய குழுவில் ஒழுங்கில்லை, தள்ளு. கடைசியில் ஒரு ஆப் பிடித்தது. அறிவிப்புப் பலகை, முறைப் பட்டியல், தமிழில் எழுதும் வசதி. எல்லாவற்றுக்கும் மேல், ஒவ்வொரு அறிவிப்புக்கும் கீழே அதைப் பார்த்தவர்களின் பெயர் வரிசையாக வரும். என் பழைய சுற்றறிக்கையே போனுக்குள் புகுந்து வந்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் அதை விளக்கினேன். முப்பது பேரும் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். எல்லாம் தமிழிலேயே எழுதப்படும், நம் பட்டறையில் நம் பாஷை என்று நான் சொன்னதும் கை தட்டினார்கள். ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். பின்வரிசையிலிருந்து ஓவர்லாக் அக்கா மட்டும் எழுந்தார்.

"அதுல பேசுத வசதி இருக்கா மேடம்?"

"பேச்சைக் குறைக்கத்தானே அக்கா இதையே கொண்டுவரோம்" என்றேன்.

கூட்டம் சிரித்தது. அவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டு உட்கார்ந்தார். கூட்டத்தை நன்றாக நடத்திவிட்டோம் என்ற திருப்தியில் நான் அன்றைக்கு வீடு திரும்பினேன்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் நான் யோசித்திருக்கலாம். ஓவர்லாக் அக்காவுக்கு எழுத்து தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைவிடக் கேவலம், நான் பெருமையாகத் தமிழில் எழுதியதுதான் அவருக்கு வழியை அடைத்தது. அவர் மகள் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவள்; இந்தி தண்ணீர்பட்ட பாடு, வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுவாள், தமிழில் ஒரு எழுத்து கூட்ட வராது. நான் இங்கிலீஷிலோ இந்தியிலோ இரண்டு வரி எழுதியிருந்தால் அவள் அம்மாவுக்குப் படித்துச் சொல்லியிருப்பாள். தாராவியில் பாதி வீட்டுக் கதை அதுதான். நானோ தாராவிக்கே தமிழ் கற்றுக்கொடுப்பவள் போல, 'உறுப்பினர்கள் கவனத்திற்கு' என்று தொடங்கிக் 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று முடித்துக்கொண்டிருந்தேன். பழைய குழுவில் கமிட்டியைத் தவிர யாரும் எதுவும் போட முடியாதபடி பூட்டியும் வைத்தேன். காலை ஐந்தே முக்காலுக்கு என் போன் அமைதியாகிவிட்டது. தூக்கம் நன்றாக வந்தது.

எட்டு மாதம் இப்படிப் போயிருக்கும். பட்டறை இருந்த இடத்தை உரிமையாளர் திருப்பிக் கேட்டார். கோவண்டியில் வேறு இடம் கிடைத்தது, ஆனால் சின்னது. ஏழு மிஷின்தான் கொள்ளும். முறைகளைக் குறைத்தாக வேண்டும். யாரை எடுப்பது, யாரை விடுவது? வாய்விட்டுக் கேட்டால் சண்டை வரும் என்று கமிட்டி பயந்தது. நான்தான் வழி சொன்னேன். கோவண்டியில் தொடர விரும்புகிறவர்கள் ஏழு நாளுக்குள் ஆப்பில் பதில் எழுதட்டும். எழுதாதவர்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வோம். இதைவிட நியாயம் உண்டா? பத்தொன்பது பேர் எழுதினார்கள். ஓவர்லாக் அக்கா எழுதவில்லை. எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்ததால் பார்த்தவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். முதல் பெயரே அவருடையது. காலை ஐந்து ஐம்பதுக்குப் பார்த்திருக்கிறார். பார்த்தும் எழுதவில்லை, சரி, கோவண்டி தூரம் என்று விட்டிருப்பார் என்று நினைத்து மூடிவிட்டேன். போனில் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

டெம்போ வந்து மிஷின்களை ஏற்றியது ஒரு மத்தியான வேளை. அக்கா அப்போது மாட்டுங்காவில் யார் வீட்டுக்கோ குழம்பு கூட்டிக்கொண்டிருந்திருப்பார். மறுநாள் விடியற்காலை நாற்பது பள்ளிச் சட்டைகளுக்கு வெட்டிய துணியை மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு அவர் வந்தபோது, கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே மிஷின் கால்கள் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும். பழைய குழுவில் பேசிப் பார்த்திருக்கிறார், போகவில்லை. எங்கள் கமிட்டியின் செயலாளர் அண்ணாச்சியைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். எல்லாம் ஆப்பில் போட்டாச்சே, நீயும் பார்த்திருக்கியே என்று அவர் சொல்லிவிட்டார். இவ்வளவும் எனக்குத் தெரிந்தது மூன்று வாரம் கழித்து, அந்தச் சட்டைகளை வாங்க வேண்டிய கடைக்காரர் கோவண்டிக்கு வந்து சத்தம் போட்டபோது.

அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "அவளுக்கு எழுத்து தெரியாதுன்னு எனக்குத் தெரியும் மேடம். எல்லாருக்கும் தெரியும். ஏழு மிஷினு, பத்தொம்பது பேரு. இதுல இன்னொரு ஆளை யாரு போய்க் கூப்பிடுவா? லிஸ்ட்டு நீங்கதான போட்டிய."

எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. அந்தப் பத்தொன்பது பேர் மேலும் வந்தது. அக்கா மாற்றிப் போட்ட ஊசியில் தைத்தவர்கள், அவர் பிடித்து வைத்த தண்ணீரைக் குடித்தவர்கள். ஒருத்திக்காவது வாய் வரவில்லை. ஆனால் அவர்களுக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வசதி செய்து கொடுத்தது யார்? கூடிப் பேசும் இடமாக இருந்திருந்தால் யாராவது தவறியாவது உளறியிருப்பார்கள். அக்காவை மறுபடி சேர்க்க வேண்டும் என்று கமிட்டியில் கேட்டேன். விதி எல்லோருக்கும் பொது என்றார்கள். வேண்டுமானால் ஆப்பில் வாக்கெடுப்பு வைக்கலாம் என்றார்கள். வைத்தேன். இரண்டு ஓட்டு ஆதரவு, அதில் ஒன்று என்னுடையது. கமிட்டியிலிருந்து விலகுகிறேன் என்று கடிதம் கொடுத்தேன். அதையும் நல்ல தமிழில் எழுதினேன், வேறென்ன செய்ய.

பிறகுதான் அவரைப் பார்க்கப் போனேன். இன்னொருவரின் கார்மெண்ட் கடையில், நாள் முழுக்க நின்றுகொண்டு, தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூல்களை வெட்டிக்கொண்டிருந்தார். சொந்த ஆர்டர் எல்லாம் கைவிட்டுப் போயிருந்தது. என்னைக் கண்டதும் கத்தரியை வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே அக்கா என்று, என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில், நான்தான் முதலில் குற்றம் சொன்னேன்.

"மகள்ட்ட காட்டுனேன் மேடம். அவளுக்கு வரல. பொறவு யார்ட்ட போய் எனக்குத் தெரியாதுன்னு சொல்ல, வெக்கமா இருந்துச்சு. ஆனா தெனமும் தொறந்து பாத்துருவேன். நீங்க எழுதுனது பாக்காமக் கெடந்தா மரியாதை இல்லல்லா."

அப்புறம் இடுப்பிலிருந்து போனை எடுத்தார். அந்த ஆப்பை அவர் அழிக்கவில்லை. கோவண்டி அறிவிப்பு எது என்று கேட்டார். தேடி எடுத்துக் கொடுத்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். மற்றப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நான் நின்றபடி வாசித்தேன். 'ஏழு தினங்களுக்குள் விருப்பம் தெரிவிக்காதோர் தம் முறையை விட்டுக்கொடுத்ததாகக் கருதப்படுவர்.' அவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். கடைசி வரி என்ன மேடம், விளங்கலையே என்றார். பதில் சொல்லாதவாளுக்கு முறை வேண்டாம்னு நாங்களே முடிவு பண்ணிப்போம்னு அர்த்தம் என்றேன்.

போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் வேண்டாம்னு சொல்லவே இல்லையே மேடம்" என்றார்.